கொண்டல் அடிக்கும் நாட்கள்

எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தமிழ்க்கடைக் கலண்டர் ஒன்று எப்போதும் தொங்கும். அதில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் அம்மா பென்சிலால் ஒரு குறி போடுவார். சில நாட்களில் "கா", சில நாட்களில் "பி", இடையிடையே எழுத்தே இல்லாமல் ஒரு படுக்கைக் கோடு. பிரஷர் குளிசை போட்ட கணக்கு என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்டதும் இல்லை. 2024 ஒக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த நாட்டின் வான்வெளியை எப்படிப் புதுப்பிப்பது என்று பிரித்தானிய அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்த ஆவணத்தைச் சமையலறை மேசையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "என்னவாம்?" என்றார். "பிளேன் போற பாதையளைப் புதுசா மாத்தப் போகினமாம் அம்மா. அதை ஆர் செய்யிறது, எப்பிடிச் செய்யிறது எண்டு சனத்திட்டைக் கேக்கினம்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய், கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"கா" என்றால் அன்றைக்குக் காலமை சத்தமில்லை. "பி" என்றால் பின்னேரம் சத்தமில்லை. கோடு என்றால் கொண்டல்.

நாங்கள் மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோ விமான நிலையத்தின் தெற்கு ஓடுபாதைக்கு நேர் கிழக்கே இருக்கிறோம். வருடத்தில் ஏறக்குறைய 70 வீதமான நாட்களில் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கவேண்டும் என்பதால் அந்த நாட்களில் எல்லாம் எங்கள் கூரைக்கு மேலாலேயே இறங்கும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் பின்னேரம் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றுவார்கள். ஒரு கிழமை காலையில் தெற்கு, 3 மணிக்குப் பிறகு வடக்கு. அடுத்த கிழமை மாறி வரும். அதனால் எங்களுக்கு அரைநாள் மிஞ்சும். அம்மா தன் நாளையே அந்த அரைநாளைச் சுற்றி அமைத்துவைத்திருந்திருக்கிறார்: எப்போது தூங்குவது, எப்போது கொழும்பில் இருக்கும் சித்திக்கு எடுத்துக் கதைப்பது, எப்போது தேவாரம் படிப்பது. காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் இந்த ஒழுங்கு இல்லை. விமானங்கள் தெற்கு ஓடுபாதையிலிருந்து எங்கள் பக்கமாகவே எழும்பும், காலையும் மாலையும். யாழ்ப்பாணத்தில் கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். அம்மாவுக்கு லண்டனிலும் அது கொண்டல்தான்.

அன்றைக்கு ஆவணத்தை மூடிவைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில், நீங்கள் வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு பெட்டி இருந்தது. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் பதில் எழுதக்கூடிய எனக்கு, அந்தப் பெட்டியை நிரப்ப ஏழு கிழமையளவு பிடித்தது. அதைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய வீதிகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வான்வெளி மாறத்தான் வேண்டும். நான் அதை எதிர்ப்பவள் அல்ல. பிரித்தானியாவின் வான்வழிகள் 1950களில் கீறப்பட்டவை. அன்றைக்கு விமானி தரையிலிருக்கும் வானொலிக் கோபுரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார், அந்தக் கோபுரங்களை இணைத்த கோடுகள்தான் வழிகள். இன்றைக்கு விமானத்துக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்பது செயற்கைக்கோள் மூலம் சில மீற்றர் துல்லியத்தில் தெரியும், ஆனாலும் ஓடுவது பெரும்பாலும் அந்தப் பழைய வீதிகளில். வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான பறப்புகள். ஹீத்ரோவுக்கு மட்டும் வருடத்துக்கு 480,000 என்று உச்சவரம்பு. இறங்க இடமில்லாத விமானங்கள் பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில் என்று நான்கு இடங்களில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மாடிப்படி மாதிரி வட்டமடித்துக்கொண்டு எரிபொருளை எரிக்கின்றன. அந்தப் புகையும் எங்கள் பிள்ளைகளின் தலையில்தான் விடியும்.

இன்னொரு விஷயம். வான்வெளியைப் புதுப்பிப்பது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2023 ஓகஸ்ட் 28ஆம் திகதி. வங்கி விடுமுறைத் திங்கட்கிழமை. லொஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் போகும் விமானம் ஒன்றின் பயணத் திட்டத்தில் ஒரே மூன்றெழுத்துப் பெயருடைய இரண்டு இடக்குறிகள் இருந்தன. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்ஸின் டோவில். சுவானிக்கில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணினி அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தவறான தகவல் வெளியே போய்விடக்கூடாது என்று தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக வைத்திருந்த கணினியும் அதே கணக்கைப் போட்டு அதே முடிவுக்கு வந்தது. 20 விநாடிக்குள் இரண்டும் நின்றன. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஆட்களில் பாதிப்பேர் இந்தக் கலந்தாலோசனை அதைச் சரிசெய்யத்தான் என்று நினைத்திருந்தார்கள். கணினியை மாற்றுவது வேறு, வழிகளை மாற்றுவது வேறு. கணினியை மாற்றினால் கீழே இருக்கும் ஒருவருக்கும் அது தெரியப்போவதில்லை. வழியை மாற்றினால் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் சத்தம் புதிதாக நுழையும், இன்னொருவருடைய வீட்டிலிருந்து அது வெளியேறும்.

அந்த ஆவணம் கேட்டது என்னவென்றால், வழிகளை வரைவது யார் என்பது. அதுவரை 7,000 அடிக்குக் கீழே ஒவ்வொரு விமான நிலையமும் தன் வழியைத் தானே வரைந்தது, அதற்கு மேலே வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நாட்ஸ் நிறுவனம் வரைந்தது. லண்டனைச் சுற்றி இத்தனை விமான நிலையங்கள், ஒன்றின் வழியை அசைத்தால் மற்றதன் வழி இடிக்கும். அதனால் ஒருவரும் அசைக்க முடியாமல் வருடங்கள் போய்விட்டன. ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே வடிவமைப்புச் சேவையை உருவாக்கலாமா, அதை நாட்ஸிடம் கொடுக்கலாமா, செலவை விமான நிறுவனங்களிடம் கட்டணமாக வாங்கலாமா, லண்டனில் முதலில் தொடங்கலாமா என்று போக்குவரத்துத் திணைக்களமும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் சேர்ந்து கேட்டன. நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் எழுதினேன், ஒன்றிரண்டு இடத்தில் நிபந்தனையோடு.

ஆனால் என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது வேறு. புதிய தொழில்நுட்பத்தில் விமானங்கள் தண்டவாளத்தில் ஓடுவது மாதிரி ஒரே கோட்டில் போகும். முந்தி கட்டுப்பாட்டாளர் வாயால் சொல்லித் திருப்பும்போது ஒன்று இந்தத் தெருவுக்கு மேல், அடுத்தது மூன்று தெரு தள்ளி என்று சத்தம் பரவிவிடும். இனி அப்படியில்லை. பரவிய சத்தம் முழுவதையும் அள்ளி ஒரு வரிசை வீடுகளின் மேல் கொட்டலாம். அல்லது இரண்டு மூன்று கோடுகளை வரைந்து, முறைவைத்து மாற்றி மாற்றிப் பறக்கலாம். கொஞ்சப் பேருக்கு முழுச்சத்தமா, கனபேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா? இதற்கு எந்தப் பொறியியலாளரும் விடை சொல்ல முடியாது. கீழே இருக்கும் ஆட்கள்தான் சொல்லவேண்டும்.

51

கீழே இருப்பவர்கள் படும் பாட்டை அளக்க இந்த நாட்டில் ஓர் எண் இருக்கிறது: 51 டெசிபல். காலை 7 மணியிலிருந்து இரவு 11 மணிவரை, 16 மணித்தியாலச் சத்தத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். அதுவும் கோடைகாலத்தில் ஜூன் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை 92 நாட்களின் சராசரி. அது 51ஐத் தொட்டால் சத்தம் உங்களைப் பாதிக்கத் தொடங்குகிறது என்று கணக்கு. இரவுக்கு 45. இப்படி ஏதாவது ஒரு அளவுகோல் இல்லாமல் கொள்கை வகுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவின் கலண்டரை இந்தச் சராசரிக்குள் போட்டால் அதில் இருக்கும் ஒரு விஷயமும் மிஞ்சாது. "கா"வும் "பி"யும் கோடும் ஒன்றாகக் கரைந்து ஒரு எண்ணாகிவிடும். அரைநாள் முழுச் சத்தமும் அரைநாள் முழு அமைதியுமாக இருக்கும் வீட்டையும், நாள் முழுக்க அளவோடு இரைந்துகொண்டே இருக்கும் வீட்டையும் அந்த எண் ஒன்றாகத்தான் பார்க்கும். இரண்டிலும் இருந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள், இரண்டும் ஒன்றா என்று.

அந்தக் கிழமைகளில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் எட்டுப் பெற்றோரிடம் கேட்டேன். எல்லோரும் விமானப் பாதைக்குக் கீழே இருப்பவர்கள். இப்படி ஒரு கருத்துக் கேட்பு நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு அண்ணா சொன்னார், "எழுதி என்ன தங்கச்சி, அவை தாங்கள் நினைச்சதைத்தானே செய்வினம்." அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். இரண்டு வேலை செய்கிறார், இரவு வேலை முடிந்து காலை 7 மணிக்குப் படுக்கிறவர், கலைச்சொல்லுக்கு மேல் கலைச்சொல்லாக அடுக்கிய ஆங்கில ஆவணத்தை எந்த நேரத்தில் வாசிப்பது? ஆனால் அவருக்கு ஒரு கதையும் சொன்னேன். 2014இல் ஹீத்ரோ சில புறப்பாட்டு வழிகளைப் பரீட்சார்த்தமாக மாற்றிப் பார்த்தது. அஸ்கட், பாக்‌ஷொட், லைட்வோட்டர் என்று தென்மேற்குப் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு மேலே, முந்தி அவ்வளவு சத்தமில்லாத இடங்களில், ஒரே கோட்டில் விமானங்கள் எழும்பின. அந்த ஊர்ச்சனம் எழுதியது, கூட்டம் போட்டது, தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களை விடாமல் பிடித்தது. திட்டமிட்டதற்கு முன்பே, அந்த வருடம் நவம்பரில் பரீட்சார்த்தத்தை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. எழுதினால் நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், எழுதப் பழகாத சனம் இருக்கும் பக்கமாக அடுத்த கோடு வளைந்துவிடக் கூடாது என்பதுதான்.

மண்மூடை

நான் அந்தப் பெட்டியை நிரப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அம்மாவின் கலண்டர் மட்டுமல்ல. சில வருடங்களுக்கு முந்தி நடந்த ஒரு விஷயம், அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை, இப்போது திரும்பத் திரும்ப வந்து நின்றது.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றின் விளையாட்டுத் திடலில் தேன்கூடு மாதிரி வட்டமான மண்குடில்கள் இருக்கின்றன. ஹவுன்ஸ்லோ ஹீத் சிறுவர் பள்ளியில் முதலில் கட்டினார்கள், பிறகு ஹீத்ரோ பணம் கொடுத்து மற்றப் பள்ளிகளிலும் வந்தது. விமானம் சில நூறு அடி உயரத்தில் போகும்போது வெளியில் ஆசிரியர் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது. வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, விமானம் போனபிறகு தொடரவேண்டும். அதனால் குடிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் சொல்வார்கள். கலிபோர்னியாவில் இருந்த ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, நிலநடுக்கத்திலும் பேரிடரிலும் வீடிழந்தவர்களுக்காக உருவாக்கிய முறை அது. நீளமான பைகளில் மண்ணை நிரப்பி, பாம்பு சுருண்டு படுப்பது போல வட்டமாகச் சுற்றி அடுக்கவேண்டும். ஒரு அடுக்கு வழுக்கிவிடாமல் இருக்க இரண்டு அடுக்குக்கும் இடையில் முட்கம்பி. வெளியே சாந்து பூசிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது.

மகளின் பள்ளியில் கோடைச் சந்தை ஒன்றுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடிலைக் காட்டினாள். "அம்மம்மா, உள்ள வாங்கோ, இதுக்குள்ள பிளேன் கேக்காது." அம்மா குனிந்து உள்ளே போய் வட்டச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். ஒரு விமானம் வந்தது. பெரியது, நான்கு இயந்திரம் இருக்கவேண்டும், நிலம் மெல்ல அதிர்ந்தது. அம்மாவின் வலது கை தானாக உயர்ந்து மகளின் உச்சந்தலையை மூடியது. முகத்தில் ஒரு பயமும் இல்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. விமானம் போனதும் கையை எடுத்துவிட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "மண்மூடையோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"வடிவாத்தான் கட்டியிருக்கினம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில், யுத்த காலத்தில், எங்கள் வீட்டுப் பங்கர் கிணற்றடிக்குப் பக்கத்தில், முருங்கைக்குக் கீழே இருந்தது. பனங்குற்றி போட்டு மேலே மண்மூடை அடுக்கி அப்பாவும் மாமாவும் வெட்டியது. குண்டு போட வரும் விமானங்களில் சகடை வரும் இரைச்சல் வேறு, புக்காரா குத்தி இறங்கும் இரைச்சல் வேறு. ஏழெட்டு வயதில் அது எங்களுக்கு அத்துப்படி. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தபோது எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. நூறுக்கும் மேற்பட்ட சனம் செத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத நான் இங்கே வரவில்லை. என் தம்பியின் தலையை மூடிய அதே கை அது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன், இந்தச் சத்தம் உங்களுக்கு அந்த நாட்களை ஞாபகப்படுத்துகிறதா, வேறு இடம் பார்ப்போமா என்று. அவர் யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன். "அங்கை ஒருத்தரும் நேரம் சொல்லிப்போட்டு வரேல்லைப் பிள்ளை. எப்ப வரும் எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் சீவனைத் தின்னும். இஞ்சை மூண்டு மணிக்கு நிப்பாட்டுவினம் எண்டு தெரியும். அது தெரிஞ்சால் காணும், மிச்சத்தைப் பொறுக்கலாம்."

அன்றைக்கு இதை அம்மாக்கள் சொல்லும் சமாதானம் என்று நினைத்துவிட்டேன். கலண்டர் என் முன்னால் வந்து விழுந்த பிறகுதான் அது ஒரு முழுமையான கருத்து என்று விளங்கியது. சத்தத்தின் அளவைக் குறை என்று அவர் கேட்கவில்லை. எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று முன்கூட்டியே சொல், சொன்ன சொல்லைக் காப்பாற்று என்கிறார். முறைவைத்து வழிகளை மாற்றும் திட்டம் வந்தால் அதைக் கணினிக்கு வசதியான நேரத்தில் மாற்றாமல், ஒரு கிழவி கலண்டரில் எழுதிவைக்கக்கூடிய மாதிரி மாற்றவேண்டும். 51 டெசிபல் வரைபடத்தில் இது வராது. அவரிடம் கேட்டால்தான் வரும். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கிரான்ஃபோர்டில் ஒரு வாக்கு

அந்தப் பெட்டியில் அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் வந்தது. கொண்டல் நாட்களில் மட்டும் ஏன் எங்களுக்கு அரைநாள் கிடையாது? அதற்குக் காரணம் 1952இல் கொடுத்த ஒரு வாக்குறுதி.

கிரான்ஃபோர்ட், ஹீத்ரோவின் வடக்கு ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டிய ஊர். 1952இல் அங்கே குடியிருப்பாளர் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு வந்த அரசாங்க அதிகாரி, வடக்கு ஓடுபாதையிலிருந்து கிழக்கு நோக்கி, அதாவது கிரான்ஃபோர்டுக்கு மேலால், முடிந்தவரை விமானங்களை எழும்பவிடமாட்டோம் என்று சொன்னார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாயால் சொன்னதுதான். ஆனால் அது 50 வருடங்களுக்கு மேல் நின்றது. 2009இல்தான் அரசாங்கம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதைகளைக் கட்ட அனுமதி வேண்டியிருந்தது. ஹில்லிங்டன் மாநகரசபை 2014இல் மறுத்தது, 2017இல் மேன்முறையீட்டில் கிடைத்தது, ஆனாலும் கொண்டல் அடிக்கும் நாட்களில் அம்மா இன்னமும் கோடுதான் போடுகிறார்.

நான் இந்த வாக்குறுதியை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். இன்றைக்கு ஒரு வழியை மாற்ற அதிகாரசபையின் விதிப்படி ஏழு கட்டங்கள், நூற்றுக்கணக்கான பக்கங்கள், பல கிழமைகள் நீளும் கருத்துக் கேட்பு. அன்றைக்கு ஒரு கூட்டம், ஒரு அதிகாரி, எதிரே நின்று கேட்ட சனம். அந்தச் சொல் அரை நூற்றாண்டு காப்பாற்றப்பட்டது. கேட்டவர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் அது நின்றது என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். கிரான்ஃபோர்டுக்கு மேலால் எழும்பாத ஒவ்வொரு விமானமும் எங்கள் பக்கமாக எழும்பும் என்பதை அன்றைக்கு அங்கே யார் சொல்லியிருப்பார்கள்?

இதில் எனக்கு இன்னும் நெருக்கமான சிக்கல் இருக்கிறது. கிரான்ஃபோர்டில் என் நெருங்கிய சிநேகிதி இருக்கிறாள். அவளுடைய வீட்டுப் பின்வளவில்தான் மகளின் மூன்று பிறந்தநாட்கள் நடந்தன. கொண்டல் நாட்களில் அரைநாள் எங்களுக்கு ஓய்வு கொடு என்று நான் எழுதினால், அந்த அரைநாளின் சத்தம் அவளுடைய வீட்டுக்குப் போகும். இறங்கும் சத்தம் இல்லை, எழும்பும் சத்தம், அது அதைவிட மோசம். பெட்டி என்னைத் தனியாகக் கேட்கிறது. அவளையும் தனியாகக் கேட்கும். நான் எனக்காக எழுதுவேன், அவள் தனக்காக எழுதுவாள், எங்கேயோ ஒரு அலுவலகத்தில் இரண்டையும் எண்ணி அட்டவணை போடுவார்கள். அந்த அட்டவணை பிழையாக இருக்காது. ஆனால் அவளும் நானும் ஒரு மேசையில் இருந்து பேசியிருந்தால் எழுதியிருக்கக்கூடியது அதில் இருக்காது.

கடைசியில் டிசெம்பர் நடுவில், முடிவுநாளுக்கு முதல்நாள் இரவு, மூன்று விஷயம் எழுதினேன். வழிகளை முறைவைத்து மாற்றுங்கள், மாறும் நேரத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே அறிவியுங்கள். சராசரியோடு சேர்த்து, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாளில் தொடர்ச்சியாக எத்தனை மணித்தியாலம் அமைதி கிடைக்கிறது என்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள். மூன்றாவது, ஒரு வழியால் ஆதாயம் பெறும் தெருவையும் அதனால் இழக்கும் தெருவையும் ஒரே மண்டபத்துக்குக் கூப்பிடுங்கள், அவர்களுடைய மொழிகளில் கூப்பிடுங்கள். ஹவுன்ஸ்லோவில் பஞ்சாபி, தமிழ், உருது, சோமாலி, போலந்து மொழி எல்லாம் பேசுகிறோம். கீழே, இது என் 78 வயது அம்மா சொன்னது, நான் மொழிபெயர்த்தேன் என்று எழுதினேன். அம்மா "என்ரை பேரும் போட்டியோ?" என்று கேட்டார். போடவில்லை, ஆனால் அவருடைய சொல் இருக்கிறது என்றேன்.

2025 ஜூனில் அரசாங்கம் முடிவை அறிவித்தது. ஒரே வடிவமைப்புச் சேவை வரும், நாட்ஸ் நடத்தும், லண்டனில் தொடங்கும். என் பதிலில் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று எனக்குத் தெரியப்போவதில்லை, அதைத் தேடிக்கொண்டும் இல்லை. உண்மையான கோடுகள் வரைபடமாக வரும்போதுதான் பெரிய கேட்பு வரும். அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அதற்குள் பழகிக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு சிநேகிதியையும் அவளுடைய மாமியையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். மாமிக்கு 71 வயது, மட்டக்களப்பு. கொண்டல் நாள். பேச்சு சத்தத்தில் போய் நின்றது, அம்மா எழும்பிப்போய்க் கலண்டரை எடுத்து வந்தார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். அப்படியென்றால் இந்தக் கோடு போட்ட நாளெல்லாம் எங்களுக்கு வராதது உங்களுக்கு வந்ததா அக்கா என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்மா சொன்னார், "காலமை நீங்கள் எடுங்கோ தங்கச்சி. பின்னேரம் நாங்கள் எடுக்கிறம்." மாமி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கைக்குழந்தை தூங்கும், பேத்தியின் பிள்ளை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை. அந்த இரண்டு மணித்தியாலத்தை விட்டால் யோசிக்கலாம் என்றார். அம்மா பென்சிலைத் தேடினார். மேலே ஒன்று எழும்பிப் போனது, நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம், அது போனதும் அம்மா விட்ட இடத்திலிருந்து, "அப்ப சனி ஞாயிறு?" என்று கேட்டார்.